கூடைக்காரி, மைனஸ் நாற்பது

கிளிநொச்சியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் நான் வயர்லெஸ் நெற்வேர்க் படித்தேன். எங்களுக்கு வந்த சேர் மிக நன்றாகப் படிப்பிப்பார். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நான் சொல்லப்போவதை வைத்து அவரைத் தொழில் தெரியாதவர் என்று நினைத்துவிடுவீர்கள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வளைகுடா நாடொன்றில் கனகாலம் கோபுரங்களில் ஏறி அன்ரெனா பூட்டியவர். மடிப்புக் கலையாத சேட்டோடு வந்து, கரும்பலகையில் அலையைக் கீறிவிட்டு, இது ஒரு செக்கனில் எத்தனை தரம் எழுந்து விழுகிறதோ அதுதான் அதிர்வெண் என்பார். குறைந்த அதிர்வெண் உழவு மெஷின் மாதிரி, மெதுவாகப் போனாலும் சேற்றைத் தாண்டிவிடும். கூடின அதிர்வெண் மோட்டார்சைக்கிள் மாதிரி, பறக்கும், ஆனால் ஒரு சுவர் வந்தால் நின்றுவிடும். வயலுக்குள் வளர்ந்த எங்களுக்கு அதற்குப் பிறகு அதை மறக்க முடியாது.

சிக்னலின் பலத்தை மைனஸ் கணக்கில் சொல்வதையும் அவர்தான் விளங்கப்படுத்தினார். மைனஸ் முப்பது என்றால் றவுட்டர் உன் மடியில் இருக்கிறது. மைனஸ் எழுபது என்றால் பக்கத்து வளவில். மைனஸ் தொண்ணூறு என்றால் நீ படலையில் நின்று கூப்பிடுகிறாய், வீட்டுக்காரருக்குக் கேட்கவே இல்லை. மூன்று குறைந்தால் பலம் பாதியாகிவிட்டது என்று அர்த்தம். பத்துக் குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். எனக்கு அந்தக் கணக்கு உடனே பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் வரும்போதும் போனைப் பார்த்து, எந்தக் கடைக்குள் இருந்து எந்தப் பெயர் எவ்வளவு பலத்தில் வருகிறது என்று பார்த்துக்கொண்டே வருவேன்.

ஆனால் அந்த மனுசனுக்கு ஒரு விசயத்தை விளங்கப்படுத்த எப்போதும் ஒரு ஆள் தேவைப்பட்டது. தண்ணீர் அலையை உறிஞ்சும், மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர் என்று சொன்ன அன்று, வகுப்பிலேயே பருமனான பெடியனை எழும்பச் சொன்னார். றவுட்டருக்கும் போனுக்கும் நடுவில் அவனை நிறுத்தினார். போனில் இலக்கம் விழுந்தது. அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டிவிட்டு, இப்படி ஒரு தண்ணீர்த் தாங்கியை நடுவில் வைத்தால் சிக்னல் எப்படி வரும் என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். அன்றிலிருந்து அவனுக்குத் தாங்கி என்று பெயர். அவன் மதியச் சாப்பாடு கொண்டுவருவதை நிறுத்திவிட்டு, இடைவேளையில் கொம்பியூட்டர் அறைக்குள்ளேயே இருக்கத் தொடங்கினான்.

என் முறை அடுத்த கிழமை வந்தது. ஒரே அலைவரிசையில் இரண்டு றவுட்டர்கள் வேலை செய்தால் என்ன நடக்கும் என்று சேர் கேட்டார். நான் சரியாகச் சொன்னேன். அதற்கு அவர் திருப்தியோடு, மிச்ச ஆக்களுக்கும் நீயே சொல்லிக் கொடுப்பாயா என்று கேட்டார். பாராட்டில் மயங்கிப்போய் நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஆமாங்க சேர்."

எங்கள் பக்கத்தில் ஆமாம் என்பதற்கு ஓம் என்பார்கள். ஆமாங்க என்பது என் அம்மாவின் வீட்டுச் சொல். அம்மா மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு கலவரத்துக்குத் தப்பி, தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்து, பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் றோட்டோரம் காடு வெட்டிக் குடியேறினவர். நாங்கள் இந்த மண்ணில்தான் பிறந்தோம், இந்த மண்ணில்தான் யுத்தத்தில் எல்லாரோடும் சேர்ந்து செல்லடிக்குப் பயந்து ஓடினோம். ஆனாலும் ஒரு சொல் போதும்.

சேர் சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ எந்த எஸ்டேற்?"

நான் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பிறந்தவள் என்றேன்.

"ஆஸ்பத்திரியைக் கேக்கேல்ல."

அவர் சோக்கட்டியை எடுத்துக்கொண்டு பலகைக்குத் திரும்பினார். அதற்கு மேல் சொல்லத் தேவை இருக்கவில்லை. இடைவேளைக்கு வெளியே வந்தபோது எனக்குப் பெயர் தயாராக இருந்தது. கூடைக்காரி. முதுகில் கூடையைக் கட்டிக் கொழுந்து பறிக்கிறவள். அதைக் கண்டுபிடித்தவன் அந்தப் பருமனான பெடியன்தான். அவன் அன்று பல நாளுக்குப் பிறகு வெளியே வந்து பெடியங்களோடு நின்று தேத்தண்ணி குடித்தான்.

வகுப்பில் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். மற்றவள் என் சின்னம்மாவின் மகள். எனக்குத் தங்கச்சி முறை. இது வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. சின்னம்மா, அதாவது அம்மாவின் ஒரே தங்கச்சி, வன்னியிலேயே பரம்பரையாக இருக்கிற ஒரு கடைக்காரக் குடும்பத்தில் கலியாணம் செய்தவர். செய்த அடுத்த வருடமே ஓம் சொல்லப் பழகிவிட்டார். மகளைத் தகப்பன் வீட்டுப் பிள்ளையாகவே வளர்த்தார். பயிற்சி நிலையத்தில் சேர்ந்த முதல் நாளே தங்கச்சி என்னிடம் வந்து, இங்கே நாங்கள் சொந்தம் என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். எனக்கு அது அவ்வளவு வலிக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அகதி முகாமில் ஒரே தறப்பாளுக்குக் கீழே, ஒரே பாயில் படுத்தவர்கள். கிளிநொச்சி ரவுணில் தெரியாத மாதிரி நடப்பதால் அது இல்லாமல் போய்விடாது என்று நினைத்தேன். நாங்கள் ஒரே பஸ்ஸில்தான் வருவோம், போவோம். அவள் முன் இருக்கையில், நான் பின்னால்.

ஆமாங்க என்று நான் சொன்ன அன்று அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்று நானே அவளுக்காக நியாயம் கண்டுபிடித்தேன்.

பிறகு நெற்வேர்க்குக்குப் பெயர் வைக்கிற பாடம் வந்தது. ஒவ்வொரு றவுட்டரும் தன் பெயரைச் செக்கனுக்குப் பத்துத் தரமளவில் காற்றில் கூவிக்கொண்டே இருக்கும், போன்கள் அதைக் கேட்டுத்தான் பட்டியல் காட்டுகின்றன என்று சேர் சொன்னார். பெயரைத் தமிழிலும் வைக்கலாம், ஆனால் தமிழ் எழுத்து கூடுதல் இடம் பிடிக்கும், அதனால் ஒரு சின்னச் சொல்தான் கொள்ளும் என்றார்.

அடுத்த நாள் காலை என் போனின் பட்டியலில் அது இருந்தது. கூடைக்காரி. பக்கத்தில் பூட்டுப் படம் இல்லை. பாஸ்வேர்ட் இல்லாத நெற்வேர்க், யாரும் நுழையலாம்.

அந்தப் பகிடியை விளங்கப் பெடியங்களுக்கு ஒரு நிமிசமும் தேவைப்படவில்லை. நான் வகுப்புக்குள் வரும்போது ஒருவன், கூடைக்காரி ஓப்பின்தான், பாஸ்வேர்ட் கேட்காது என்பான். இன்னொருவன், நான் நேற்றே கனெக்ட் பண்ணிவிட்டேன் என்பான். எத்தனை பேர் கனெக்ட் பண்ணியிருக்கிறார்கள் என்று சத்தமாகக் கணக்கெடுப்பார்கள். கன்ரீனில் சோறு போடுகிற அக்காவுக்கும் அந்தப் பெயர் போனில் வந்தது. அவா என்னைப் பார்த்து, இது யாற்ற கடை பிள்ளை என்று உண்மையாகவே கேட்டா. நான் தெரியாது என்றேன்.

நான் சேரிடம் போய் முறையிட்டேன். அவர் தன் போனை எடுத்துப் பார்த்தார். அவருக்கும் அது வந்துகொண்டிருந்தது, அவர் அதை முன்பே கண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"எங்கயிருந்து வருது எண்டு கண்டுபிடி. அதுக்குத்தானே படிக்கிறாய்."

நான் அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவர் சொன்னது சரி என்றே எனக்குப் பட்டது. நான் அதற்குத்தானே படிக்கிறேன்.

முதலில் கட்டடத்துக்குள் தேடினேன். கொம்பியூட்டர் அறையில் மைனஸ் ஐம்பது, களஞ்சிய அறையில் அறுபத்தைந்து. மதியம் பார்த்தால் கன்ரீனில் ஐம்பதும் கொம்பியூட்டர் அறையில் எழுபதும். ஒரு றவுட்டர் இப்படி இடம் மாறாது. ஆகவே இது யாரோ ஒருவரின் போனில் இருந்து வருகிற ஹொட்ஸ்பொட். யாரோ அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்து திரிகிறார்கள். பின்வாங்கில் இருந்த பெடியங்கள் ஒவ்வொருவர் மேலும் நான் சந்தேகப்பட்டேன். தாங்கி மேல்தான் கூடுதலாக.

ஒரு நாள் பின்னேரம் பஸ்ஸில் ஏறி இருந்து வழக்கம்போல் போனைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கரடிப்போக்குச் சந்தி தாண்டியும் அந்தப் பெயர் பட்டியலில் இருந்தது. கடைகளின் பெயர்கள் வந்து, பலம் கூடி, குறைந்து, பின்னால் போய் மறைந்தன. இது மட்டும் ஒரே அளவில் நின்றது. வெளியே இருந்து வருவது எதுவும் அப்படி நிற்காது. அது எங்களோடு பயணம் செய்துகொண்டிருந்தது.

பஸ்ஸில் எங்கள் வகுப்பில் படிக்கிறவர்கள் இரண்டு பேர்தான்.

அப்படியும் நான் நம்பவில்லை. பரந்தன் சந்தியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது பரீட்சித்துப் பார்த்தேன். போனை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினால், சிக்னல் வருகிற திசைக்கு முதுகு காட்டும்போது எங்கள் உடம்பே அதை மறைக்கும், இலக்கம் விழும். பெடியனை நடுவில் நிறுத்திச் சேர் காட்டியதுதான். நான் றோட்டைப் பார்த்து நின்றேன். நெல் ஆலைப் பக்கம் திரும்பினேன். தங்கச்சிக்கு முதுகு காட்டினேன். அப்போதுதான் விழுந்தது. திரும்பத் திரும்பச் செய்தேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் விழுந்தது. சந்தியில் நின்றவர்கள் இந்தப் பெட்டைக்குப் பேய் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார்கள்.

நான் அவளுக்குக் கிட்டப் போனேன். இலக்கம் முப்பத்தைந்துக்கு வந்தது. போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, இது நீதானோ என்று கேட்டேன். அவள் மறுப்பாள், நான் நம்பிவிடலாம் என்று அந்த நேரத்திலும் ஒரு ஆசை இருந்தது.

அவள் மறுக்கவில்லை. பெடியங்களில் ஒருவன் அவளிடம், உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, சொந்தமோ என்று கேட்டிருக்கிறான். அன்றுதான் இதைச் செய்தாளாம். ஒருவரும் சொல்லித் தரவில்லை, அவளாகவே யோசித்துச் செய்தது. இதையெல்லாம் பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு, ஒரு பாடத்தை ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ இருக்கும்வரைக்கும் என்னை ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

பஸ் வந்தது. அவள் முன்கதவால் ஏறினாள். நான் ஏறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் சொல்ல மனம் வரவில்லை. சின்னம்மா அந்த லயத்தின் கதைகளை அம்மாவின் வாயால் கேட்டு வளர்ந்தவர், மகளுக்குக் கன்னத்தில் ஓர் அறை கொடுப்பார், அந்த ஒரு அறை எனக்குப் போதும் என்று நினைத்தேன். சின்னம்மா என்னைக் கடைப்பக்கம் நிற்கவிடாமல் பின்னால் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கூடைக்காரி என்ற சொல்லை உச்சரிக்கும்போது அவர் கதவைச் சாத்தினார். பாஸ்வேர்ட் இல்லாததை வைத்துப் பெடியங்கள் சொல்வதையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவர் வெங்காயம் உரிக்கத் தொடங்கினார்.

"உன்னைத்தானே சொன்னவள். எங்களை இல்லையே."

பிறகு, கொம்மா இவ்வளவு காலம் இங்கே இருந்தும் ஒரு ஓம் சொல்லப் பழகவில்லை, அதற்கு நாங்கள் என்ன செய்வது என்றார். தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்றதும் பின்படலை வரைக்கும் வந்து, கடைக்கு முன்னால் போகாமல் ஒழுங்கையால் போ என்று வழி காட்டினார்.

நான் படிப்பை விடவில்லை. அதற்குத் துணிச்சல் என்று பெயர் வைக்க மாட்டேன். வீட்டிலிருந்தால் அம்மாவோடு கச்சான் கடலைக்குக் களை பிடுங்கப் போக வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெயர் என் பட்டியலில் கடைசிவரை இருந்தது. யார் என்று தெரிந்த பிறகு அதைப் பார்ப்பது முன்பைவிடக் கடினமாக இருந்தது.

கடைசியில் செய்முறைப் பரீட்சை. ஒரு றவுட்டரைப் பவர் பாங்கோடு வளவுக்குள் எங்கேயோ ஒளித்துவைப்பார்கள், இருவர் இருவராகத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒருவர் அளவு பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். ஒளிக்க முதல், றவுட்டருக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று சேர் வகுப்பைக் கேட்டார். பின்னுக்கிருந்து ஒருவன் சொன்னான். சேர் ஒரு கணம் யோசித்தார். யோசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு அதையே அடித்தார். பெண்கள் இரண்டு பேரும் ஒரு குழு என்றும் அவர்தான் சொன்னார்.

அன்று வளவு முழுக்க அந்தச் சொல்தான். கிணற்றடியில் நின்று ஒருவன் கூடைக்காரி அறுபத்தெட்டு என்று கத்துவான். மாமரத்தடியில் இருந்து மற்றவன் கூடைக்காரி எழுபத்திரண்டு என்பான். கூடைக்காரி கிட்டத்தான் நிற்கிறாள், கூடைக்காரி தகரத்துக்குப் பின்னால் ஒளித்திருக்கிறாள். இவ்வளவு நாளும் காதுக்குள் சொன்னதை இப்போது பரீட்சைக்காகச் சத்தமாகச் சொல்ல அனுமதி கிடைத்திருந்தது. நான் என் பாட்டில், மைனஸ் எழுபது என்று தங்கச்சிக்குச் சொன்னேன். விறாந்தையில் கதிரை போட்டிருந்த சேர் கையைத் தூக்கினார்.

"எந்த நெற்வேர்க்? பேரைச் சொல்லு."

நான் சொன்னேன். "கூடைக்காரி, மைனஸ் எழுபது." தங்கச்சி தலையைத் தூக்காமல் எழுதினாள்.

பெடியங்கள் எல்லாரும் தகரக் கொட்டிலை நோக்கி ஓடினார்கள். அங்கே பலம் கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் தகரம் அலையைத் திருப்பி எறியும், கண்ணாடியில் முகம் தெரிவதுபோல அங்கே தெரிவது வேறிடத்தில் இருக்கும் என்று சேர் ஒரு நாள் சொன்னதை நான் மறக்கவில்லை. நான் கொட்டிலுக்கு முதுகு காட்டி நின்றேன். இலக்கம் விழவில்லை, ஏறியது. எதிர்ப்பக்கம் தண்ணி மோட்டர் அறை. அதை நோக்கி நடந்தேன். அறுபது, ஐம்பத்திரண்டு, நாற்பத்தைந்து. ஒவ்வொன்றுக்கும் பெயரைச் சொல்லிச் சொல்லி நடந்தேன். மோட்டர் அறையின் தட்டில் கவிழ்த்துவைத்த வாளிக்குக் கீழே றவுட்டர் இருந்தது. கூடைக்காரி, மைனஸ் நாற்பது என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கினேன்.

அந்த நேரம் எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் ஒருத்திதான் தெறிப்பை விளங்கிக்கொண்டவள். சேர் எழும்பி வந்து கை தட்டினார். எனக்கு முழுப் புள்ளி என்று அறிவித்தார். பிறகு எல்லாரையும் பார்த்தார்.

"பாத்தீங்களோ, தன்ர பேரைத் தானே தேடிப் பிடிச்சிட்டாள்."

அன்றைக்குச் சிரித்ததுபோல அந்த வகுப்பு ஒருநாளும் சிரித்ததில்லை.

பரீட்சை முடிய ஒரு கொம்பனியில் இருந்து ஆள் எடுக்க வந்தார்கள். கோபுர வேலைக்குப் பெடியங்களை எடுத்தார்கள். வாடிக்கையாளரோடு போனில் கதைக்கிற அலுவலக வேலைக்கு ஒரு பெண் வேண்டும் என்றார்கள். வகுப்பில் கூடுதல் புள்ளி எனக்குத்தான். தங்கச்சியை எடுத்தார்கள். ஏன் என்று சேரிடம் கேட்டேன். அவர் கோபப்படாமல், நீ கதைக்கிற விதம் சரியில்லை, கதைக்கிற வேலைக்கு உன்னை எப்படிச் சொல்வது என்றார். தன் கடமையைச் செய்த ஒருவரின் முகம் அவருக்கு. நான்கு மாதம் வீட்டில் இருந்தேன். பிறகு வவுனியாவில் ஒரு சின்ன ஒப்பந்தக்காரர் என்னை எடுத்தார். பள்ளிக்கூடங்களுக்கும் மீன் வாடிகளுக்கும் அன்ரெனா கட்டுகிற வேலை. ஏணி பிடிக்க ஆள் வேண்டும் என்று எடுத்தவர், பிறகு என்னையே ஏணியில் ஏற்றினார். அவருக்கு நான் ஓம் சொன்னாலும் ஒன்றுதான், ஆமாங்க சொன்னாலும் ஒன்றுதான். அன்ரெனா நேராக நின்றால் சரி.

மூன்று வருடத்துக்குப் பிறகு தங்கச்சிக்கு யாழ்ப்பாணத்துப் பக்கம் ஒரு சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை வங்கியில் வேலை. எங்களுக்குச் சொல்லவில்லை. ஊரில் கேள்விப்பட்டோம். பிறகு அது குழம்பிப்போனதையும் ஊரில்தான் கேள்விப்பட்டோம். அடுத்த நாளே சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். பல வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என்னைப் பார்த்து, நாங்கள் யார் என்று நீதானே சொன்னாய், எரிச்சலில் போய்ச் சொல்லிவிட்டாய் என்றார். சொல்வதென்றால் உங்களுக்கு முன்னாலேயே சொல்லியிருப்பேன் என்றேன். உண்மையில் நான் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது என்றுகூட எனக்குத் தெரியாது.

அம்மா அவரைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். சின்னம்மா அழுது அழுது நடந்ததைச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் பொம்பிளை பார்க்க வந்த அன்று, பலகாரம் பொரிக்கும்போது கொதிக்கிற எண்ணெய் கையில் தெறித்ததாம். அப்போது என்ன சொல்லிக் கத்தினேன் என்றே எனக்குத் தெரியாது என்றார். குசினிக்குள் துணைக்கு நின்ற மாப்பிள்ளையின் மாமி தண்ணி ஊற்றிக்கொண்டே சின்னம்மாவின் வாயையே பார்த்தாராம். அதற்குப் பிறகு அவர்கள் பலகாரத்தைத் தொடவில்லையாம். கையில் இன்னும் கொப்புளம் இருந்தது. அம்மா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். அம்மா ஒருவருக்கும் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் மெதுவாகத்தான் சொன்னார்.

"இவ சொல்லல. ஒன் வாயிதான் சொல்லிருச்சு."

சின்னம்மா அதற்குப் பிறகு கூடுதலாக அழுதார். நான் அடுத்த அறையில் வேலைக்குப் போகிற பையை அடுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. நன்றாகவே இருந்தது. அதை மறைக்க எனக்கு மனமில்லை.

தங்கச்சி உள்ளே வரவில்லை. தாயைக் கூட்டிவந்த ஸ்கூட்டியைப் பிடித்தபடி வெயிலில் படலையடியில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, உள்ள வாம்மா என்று கூப்பிட்டார். அவள் அசையாமல் என்னைப் பார்த்தாள். நான் கூப்பிட்டால் வருவாள் போலிருந்தது. நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளைக் கடந்து றோட்டுக்கு நடந்தேன். அன்று கொக்கிளாய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் காற்றுக்குத் திரும்பிப்போன அன்ரெனா ஒன்றை நேராக்க வேண்டியிருந்தது.